இரண்டாம் தடவை கரண்ட் பிடிக்க வேண்டி வந்தால்

திருகோணமலையில் ஒரு வீட்டில் புற்றுநோய் திரும்பி வந்துவிட்டது என்று தெரிந்தால், முதலில் எழும் பேச்சு இதுதான்: "ஒருக்கா கரண்ட் பிடிச்ச இடத்தில திரும்பப் பிடிக்க ஏலாதாமே." கரண்ட் பிடிப்பது என்று ஊரில் சொல்வது கதிர்வீச்சுச் சிகிச்சையை. என் பெரியம்மாவுக்கு மார்பில் வந்த நோய் எட்டு வருடம் கழித்து அதே பக்கத்தில், ஒப்பரேஷன் தழும்பை ஒட்டிச் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரும்பியது. எங்கள் வீட்டிலும் அதே பேச்சுத்தான். அவரை ஒவ்வொரு இடமாகக் கூட்டிக்கொண்டு அலைந்தவன் நான். அந்த அலைச்சலில் கற்றதையும், அதற்குப் பிறகு தேடிப் படித்ததையும் புதிதாக இந்த வழியில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். இதை வைத்துக்கொண்டு சிகிச்சையை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். டொக்டரின் முன்னால் போய் உட்காரும்போது என்ன கேட்பது, கையில் என்ன கொண்டுபோவது என்று தெரிந்திருந்தால் போதும்.

"ஏலாது" என்ற பேச்சு சும்மா வந்ததில்லை. பழைய இயந்திரங்களின் கதிர், நோய் இருக்கும் இடத்தையும் அதைச் சுற்றியிருக்கும் நல்ல தசையையும் சேர்த்தே சுட்டது. அதன் மேல் இன்னொரு தடவை என்றால் புண் ஆறாது, எலும்பு உளுத்துப்போகும், நரம்பு செத்துவிடும். இன்று நிலைமை மாறியிருக்கிறது. பலருக்கு இரண்டாம் தடவை கொடுக்க முடிகிறது, ஆனால் எல்லாருக்கும் இல்லை. யாருக்கு முடியும், எவ்வளவு மென்மையாக முடியும் என்பதை முடிவு செய்வதில் பாதிப் பங்கு, முதல் தடவை என்ன கொடுத்தார்கள் என்ற கணக்குக்கு உண்டு. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பழைய கணக்கைத் தேடி எடுங்கள்

கதிர்வீச்சை கிரே என்ற அலகில் அளக்கிறார்கள். லூயி ஹரோல்ட் கிரே என்ற பிரித்தானிய பௌதிகவியலாளரின் பெயர் அது. மார்பகத்துக்கு 15 நாளில் 40 கிரே, தொண்டை, வாய்ப் பகுதிக்கு 35 நாளில் 70 கிரே, எலும்பு வலிக்கு ஒரே நாளில் 8 கிரே என்று நோய்க்கும் நோக்கத்துக்கும் ஏற்ப அளவு மாறும். மொத்தம் எவ்வளவு, எத்தனை நாளாகப் பிரித்தார்கள், உடம்பில் எங்கிருந்து எங்கு வரை கதிர் பட்டது, கடைசி நாள் எது. இந்த நான்கும் தெரியாமல் எந்த நல்ல வைத்தியரும் இரண்டாவது தடவைக்குத் துணியமாட்டார்.

பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் இருந்தது ஒரே ஒரு வரி: கதிர்வீச்சு முடிந்தது. அவ்வளவுதான். மீதிக் காகிதங்களை நாங்கள் வீடு மாறும்போது தொலைத்துவிட்டோம். புதிய டொக்டர் கேட்டார்: "தம்பி, அம்மாவுக்கு முதல் எத்தனை கிரே குடுத்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "கழுத்தெலும்புக்கு மேலயும் பிடிச்சதா?" அதுவும் தெரியாது. பழைய இடத்துக்கு மூன்று தடவை போனேன். இரண்டு தடவை பைல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, பதிவறையில் இருந்த ஒரு வயதான ஐயா அரை நாள் தேடி எடுத்துக் கொடுத்தார். அந்தப் பைலில் 40 கிரே, 15 நாள், கழுத்தெலும்புக்கு மேலும் ஒரு வயல் (கதிர் படுவதற்கென்று வகுத்த இடம்) என்று இருந்தது. கைக்குப் போகும் நரம்புக் கட்டு அந்த இடத்தால்தான் போகிறது. அது தெரிந்ததால்தான் இரண்டாவது திட்டத்தில் அந்தப் பக்கத்தை விட்டு விலகிப் போட்டார்கள். தெரியாமல் போட்டிருந்தால் கை மரத்துத் தொங்கியிருக்கலாம்.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை: சிகிச்சைச் சுருக்கம், அதாவது அளவு, நாள், இடம், கடைசித் திகதி எழுதிய கடிதம். எந்த இயந்திரத்தில் தந்தார்கள், கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருளை வைத்த பழைய வகையா, மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லினாக்கா என்ற விபரம். கணினியில் திட்டம் போட்டிருந்தால் அந்தத் திட்டத்தின் முழுப் பிரதி, சீடியிலோ பென் டிரைவிலோ. வெறும் படத்தை அச்சடித்துத் தருவார்கள், அது போதாது. புதிய இடத்துக் கணினியில் பழைய திட்டத்தைப் புதியதன் மேல் வைத்துப் பார்க்க அந்த டிஜிட்டல் பைல்தான் வேண்டும். பயொப்சி (கட்டியில் சின்னத் துண்டு எடுத்துச் சோதிப்பது) அறிக்கைகள், டயக்னோசிஸ் கார்ட், கீமோ கொடுத்திருந்தால் மருந்துகளின் பெயர், இவையும் சேரட்டும்.

கடிதம் கிடைக்கவே இல்லை என்றாலும் கைவிட வேண்டாம். தோலில் குத்திய சின்ன நீலப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தோலின் நிறம் மாறிய எல்லையைப் போனில் படம் எடுங்கள். நோயாளியிடம் கேளுங்கள்: எத்தனை நாள் போனீர்கள், எந்தப் பக்கம் சரித்துப் படுக்கவைத்தார்கள், முகமூடி போட்டார்களா? பெரியம்மா "மூன்று கிழமை, சனி ஞாயிறு இல்லை" என்று சொன்னது, பின்னால் கிடைத்த 15 நாள் கணக்கோடு அப்படியே ஒத்துப்போனது.

உடம்பு எவ்வளவை மறக்கிறது

இதைக் கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனெனில் "எத்தனை மாசம் கழிச்சுப் பிடிக்கலாம்?" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

உடம்பின் எல்லா உறுப்பும் ஒரே மாதிரி ஆறுவதில்லை. தோலும் வாயின் உட்தோலும் சில மாதங்களில் நன்றாகத் தேறிவிடுகின்றன. முள்ளந்தண்டு வடமும் நுரையீரலும் ஓரளவு தேறும். இதயம், சிறுநீரகம், சிறுநீர்ப்பை மூன்றும் வாங்கிய அடியை நீண்ட காலத்துக்கு வைத்திருக்கும். முள்ளந்தண்டு வடத்தைப் பற்றி 2001இல் வெளிவந்த ஓர் ஆய்வு முக்கியமானது. ரீசஸ் குரங்குகளின் வடத்துக்கு 44 கிரே கொடுத்து, ஒன்று, இரண்டு, மூன்று வருடம் கழித்து மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் முதல் சேதத்தின் முக்கால் பங்கு ஆறியிருந்தது. மூன்று வருடத்தில் ஏறக்குறைய முழுவதும். மனிதருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது, அதனால் வைத்தியர்கள் எச்சரிக்கையாகவே கணக்குப் போடுகிறார்கள். இருந்தாலும் இரண்டு தடவைக்கு இடையில் குறைந்தது ஆறு மாதம் வேண்டும் என்று அவர்கள் பார்ப்பதற்கும், இரண்டு வருடம் தாண்டியிருந்தால் முகம் மலர்வதற்கும் காரணம் இந்த மாதிரி அறிவுதான். இடைவெளி நீளமாக இருப்பதில் இன்னொரு நல்ல அறிகுறியும் உண்டு: நோய் மெதுவாக வளரும் வகை.

பழைய வயலும் புதிய வயலும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றனவா, பக்கத்தில் மட்டும் வருகின்றனவா என்பதையும் கேளுங்கள். "மீள்கதிர்வீச்சு" என்று ஒரே சொல்லால் சொன்னாலும் இரண்டும் ஒரே அளவு ஆபத்துள்ளவை இல்லை.

வந்தது நோய்தானா

அவசரப்பட்டு இந்தப் படியைத் தாண்டுகிறவர்கள் நிறையப் பேர். கதிர் பட்ட இடத்தில் பிற்காலத்தில் வரும் தழும்பும், செத்த தசையும் ஸ்கானில் புற்றுநோய் மாதிரியே தெரியும். மூளையில் இது அடிக்கடி குழப்பும். ஆகவே முடிந்தவரை பயொப்சி. ஏற்கனவே கதிர் பட்ட இடத்தில் ஊசி போட்டால் பரவிவிடும் என்று பயந்து மறுக்காதீர்கள். அந்தப் பயத்தால் பெரியம்மா இரண்டு மாதத்தை இழந்தார், அந்த இரண்டு மாதத்தில் ஒரு கட்டி புண்ணாக உடைந்தது.

கூடவே நெஞ்சு, வயிறு, எலும்பு ஸ்கான். நோய் வேறு இடத்துக்கும் போயிருந்தால், ஒரே இடத்தில் முழுப் பலத்தோடு கதிர் கொடுப்பதில் பயன் குறைவு. அப்போது திட்டமே மாறிவிடும்.

நோக்கம் என்ன என்று வாய் திறந்து கேளுங்கள்

கேட்க மனம் வராது, தெரியும். ஆனால் "டொக்டர், இது சுகப்படுத்தவா, கட்டி வளராமல் வைக்கவா, வலியைக் குறைக்கவா?" என்ற ஒரு கேள்வியில் மற்ற எல்லாம் தெளிந்துவிடும். சுகப்படுத்தவென்றால் பல வாரம், பெரிய அளவு, பெரிய ஆபத்து. வலியைக் குறைக்கவென்றால் ஒரு நாளோ ஐந்து நாளோ போதும். முன்பு கதிர் கொடுத்த எலும்பில் வலி திரும்பினால் 8 கிரேயை ஒரே நாளில் கொடுப்பதா, 20 கிரேயைப் பல நாளாகப் பிரிப்பதா என்று ஒன்பது நாடுகளில் 850 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். 2014இல் முடிவு வந்தது: வலி தணிந்தவர்களின் பங்கில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒரே நாள் வாங்கியவர்களுக்குப் பசியின்மையும் வயிற்றோட்டமும் குறைவு. ஊரிலிருந்து ஐந்து தடவை பஸ் ஏற வேண்டிய முதியவருக்கு இந்தத் தகவல் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். நோக்கம் வலி மட்டும்தான் என்றால், ஒரே நாளில் முடிக்கலாமா என்று தயங்காமல் கேளுங்கள்.

மென்மையான வழிகள்

மாரி காலத்தில் நம் ஊர் ஒழுங்கைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மணித்தியாலத்தில் கொட்டித் தீர்த்தால் முழங்கால் தண்ணீர். அதே மழை நாள் முழுக்கத் தூறினால் மணல் குடித்துவிடும். கதிர்வீச்சை மென்மையாக்கும் முறைகளில் இரண்டு இப்படித்தான் வேலை செய்கின்றன.

முதலாவது, ஒரு நாள் அளவை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும், குறைந்தது ஆறு மணித்தியால இடைவெளி விட்டுக் கொடுப்பது. நல்ல தசை அந்த ஆறு மணித்தியாலத்தில் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பல புற்றுக் கலங்களுக்கு அந்தத் திறமை குறைவு. மூக்குக்குப் பின்னால் தொண்டையின் மேற்பகுதியில் திரும்பி வந்த புற்றுநோய்க்குச் சீனாவின் குவாங்சோவில் 144 பேரிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு 60 கிரேயை 27 தடவையாக, நாளுக்கு ஒன்று. மற்றவர்களுக்கு 65 கிரேயை 54 தடவையாக, நாளுக்கு இரண்டு. மொத்த அளவு கூடியிருந்தும் கடுமையான பிற்காலப் பாதிப்பு 57 வீதத்திலிருந்து 34 வீதமாகக் குறைந்தது. மூன்று வருடம் உயிரோடு இருந்தவர்கள் 55 வீதத்திலிருந்து ஏறக்குறைய 75 வீதமாகக் கூடினார்கள். 2023இல் வெளியான முடிவு இது. இயந்திரத்தை மாற்றவில்லை, முக்கியமாக மாற்றியது பிரித்த விதத்தைத்தான். இதைப் படித்த அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இரண்டாவது, ஒரு தடவைக்கான அளவையே தூறலாக்குவது. சாதாரணமாக 2 கிரேயை ஒன்றிரண்டு நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள். இந்த முறையில் 0.2 கிரேயாகப் பத்துத் துடிப்பு, துடிப்புக்குத் துடிப்பு மூன்று நிமிடம். அரை மணித்தியாலத்தில் அதே 2 கிரே. இதற்குப் பின்னால் ஒரு விசித்திரமான உண்மை இருக்கிறது. கலத்துக்குள் சேதத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் காவல் ஒன்று உண்டு. மிகச் சிறிய அளவு கதிர் அந்தக் காவலை எழுப்பாது. வேகமாகப் பிரிந்து பெருகும் புற்றுக் கலம் திருத்தாமலே அடுத்த கட்டத்துக்குப் போய்ச் செத்துவிடும். மெதுவாக வாழும் நல்ல தசைக்கோ, ஆற நேரம் கிடைக்கிறது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதை வளர்த்தார்கள். மூளைக்கட்டி திரும்பி வந்த 103 பேருக்கு இப்படிக் கொடுத்த அனுபவத்தை 2011இல் எழுதினார்கள். மார்புச் சுவரில் திரும்பிய நோய்க்கும் கொடுத்திருக்கிறார்கள். சாதாரண லினாக்கிலேயே செய்யலாம், தனி இயந்திரம் வேண்டாம். ஆனால் ஒருவருக்கு அரை மணித்தியாலம் என்றால் வரிசையில் நிற்கும் மற்றவர்களின் நேரம் போகும். எல்லா இடத்திலும் இது வழக்கத்தில் இல்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய கட்டி, பழைய வயலின் மேலேயே, வேறு வழி குறைவு என்ற நிலையில் "துடிப்புத் துடிப்பாக மெதுவாகக் கொடுக்கும் முறை இங்கு செய்கிறீர்களா?" என்று கேட்பதில் தப்பில்லை.

மற்ற முறைகள் கதிரை ஒடுக்கமாக்குபவை. பல கோணங்களிலிருந்து, ஒவ்வொரு கோணத்திலும் பலத்தை ஏற்றி இறக்கி, கட்டியின் வடிவத்துக்கு வளைத்துக் கொடுப்பது ஐஎம்ஆர்டி. ஒவ்வொரு நாளும் படுக்கையிலேயே ஸ்கான் எடுத்து இடத்தைச் சரிபார்த்துக் கொடுத்தால், சுற்றி விடும் ஓரத்தை இன்னும் குறைக்கலாம். திரும்பக் கொடுக்கும்போது அந்த ஓரத்தின் ஒவ்வொரு மில்லிமீற்றரும் பெறுமதியானது. மார்புச் சுவர் போன்ற மேலோட்டமான நோய்க்கு எலக்ட்ரோன் கதிர் சில சென்ரிமீற்றர் ஆழத்தோடு நின்றுவிடும், உள்ளே நுரையீரலுக்கும் இதயத்துக்கும் அதிகம் போகாது. பெரியம்மாவுக்குக் கொடுத்தது இதுதான், சின்னச் சின்ன அளவாகப் பிரித்து. கருப்பைக் கழுத்துப் பக்கம் திரும்பிய நோய்க்குக் கதிர் மூலத்தைக் குழாய் வழியாக உள்ளேயே வைத்துக் கொடுக்கும் பிரக்கிதெரபியும் உண்டு. கட்டியைச் சில பாகை சூடாக்கி, அதோடு சேர்த்துக் கதிர் கொடுக்கும் முறை ஐரோப்பாவில் மார்புச் சுவர் நோய்க்கு நன்றாகப் பழகியது.

எஸ்பிஆர்டி என்ற பெயரையும் கேள்விப்படுவீர்கள். ஐந்து நாளுக்குள், ஒவ்வொரு நாளும் பெரிய அளவு, ஊசி முனை மாதிரிக் குறி. நாள் குறைவு என்பதால் மென்மையானது என்று நினைத்துவிடாதீர்கள். முதுகெலும்பிலோ நுரையீரலிலோ சின்னக் கட்டி என்றால் அருமையானது. கழுத்துப் பெருநாடியை ஒட்டிய கட்டி என்றால் அதே பெரிய அளவு ஆபத்தாகும். தலை, கழுத்துக்கு இரண்டாம் தடவை கொடுத்த 1554 பேரின் விபரங்களை 2012இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, அந்த நாடி வெடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. ஆனால் வெடித்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. "என் கட்டிக்கும் நாடிக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள்.

எங்கே போவது, எப்படிப் போவது

கதிர்வீச்சுக்கு நம் பக்கத்து மக்கள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, தெல்லிப்பளை, அனுராதபுரம், கண்டி, கொழும்புக்குப் பக்கத்தில் தேசியப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகம என்று பிரிந்து போகிறார்கள். ஊர்க் கிளினிக்கில் காட்டி, கடிதம் எடுத்துக்கொண்டு போங்கள். நேரே போய் நின்றால் ஒரு நாள் வீணாகும். மூதூர், கிண்ணியாப் பக்கத்தவர்களுக்கு மட்டக்களப்பு வசதி. ஆறுகளுக்குப் பாலங்கள் வந்ததிலிருந்து மிதவைப் பாதைக்குக் காத்து நிற்கும் காலம் போய்விட்டது, வெருகல், வாகரை வழியாகக் கரையோரத் தெரு. ஆனால் சிக்கலான மீள்கதிர்வீச்சுக்குப் பக்கம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். "இந்தத் திட்டத்தை இங்கேயே போடுவீர்களா, மகரகமவுக்கு அனுப்புவீர்களா?" என்று முதல் நாளே கேட்டுவிட்டால் பிறகு அலைய வேண்டியதில்லை. பழைய சிகிச்சை எடுத்த அதே இடத்தில் இரண்டாவதையும் எடுக்க முடிந்தால், பைல் அங்கேயே இருக்கும் என்ற வசதி உண்டு.

மகரகமவுக்குப் போகிறவர்கள் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், குறைந்தது முதல் நாளுக்கும் திட்டம் போடும் நாளுக்கும். அரைகுறையாக விளங்கித் தலையாட்டிவிட்டு வந்தால் பிறகு யாரிடம் கேட்பது? இரவு ரயிலில் போய் விடியக் கிளினிக் வரிசையில் நிற்பது முதியவர்களுக்குச் சரிவராது. ஒரு நாள் முன்பே போய்த் தங்குங்கள்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. செலவு முழுக்கப் போக்குவரத்திலும் தங்குமிடத்திலும் சாப்பாட்டிலும்தான். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவியைப் பற்றியும் மற்றக் கொடுப்பனவுகளைப் பற்றியும் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். டொக்டரின் கடிதத்தில் எத்தனை வாரம் என்று எழுதி வாங்கினால் வேலை சுலபம்.

திட்டம் போடும் நாளும் படுக்கும் நாட்களும்

முதல் நாள் கதிர் கொடுக்கமாட்டார்கள். படுக்க வைத்து சிடி ஸ்கான் எடுத்து, தோலில் அடையாளம் இட்டு, தலை, கழுத்து என்றால் முகத்துக்கு அச்சு எடுத்து முகமூடி செய்வார்கள். அப்புறம் வைத்தியரும் மருத்துவ பௌதிகவியலாளரும் பழைய அளவையும் புதிய அளவையும் கூட்டிப் பார்த்துத் திட்டம் போடுவார்கள். மீள்கதிர்வீச்சுக்கு இது முதல் தடவையை விட நாள் எடுக்கும். "ஏன் இன்னும் கூப்பிடவில்லை?" என்று சண்டை பிடிக்காதீர்கள். அந்தக் கணக்குக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு உங்களுக்கு நல்லது.

அந்த மை அடையாளத்தைக் கழுவிவிடாதீர்கள். பெரியம்மா பத்திரகாளி அம்மன் கோவிலுக்குப் போய்வந்து நெஞ்சில் சந்தனம் பூசிக்கொண்டார், ஒரு கோடு அழிந்துவிட்டது. மறுநாள் ரேடியோகிராபர் மிஸ் கோபிக்காமல் எல்லாவற்றையும் திரும்ப அளந்து போட்டார், ஆனால் ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

கதிர் கொடுக்கும்போது வலி இல்லை. மெதுவாகக் கொடுக்கும் முறை என்றால் அரை மணித்தியாலம் அசையாமல் கிடக்க வேண்டும், முதுகு வலிக்காரர்களுக்கு அதுதான் கஷ்டம். வலி மாத்திரையை எத்தனை மணிக்கு எடுப்பது என்று முன்கூட்டியே கேளுங்கள். முடிந்து வந்தால் உடம்பில் கதிர் ஒட்டிக்கொண்டிருக்காது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்கலாம். பெரியம்மா முதல் வாரம் முழுக்கத் தனிப் பாயில் படுத்தார், யாரும் சொல்லாததால்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

இரண்டு தடவை கதிர் பட்ட தோல் மிகவும் மெல்லியது. மஞ்சள், எண்ணெய், நாட்டுப் பத்து எதையும் டொக்டரிடம் கேட்காமல் பூச வேண்டாம். உப்புவெளி, நிலாவெளிக் கடலில் இறங்குவதையும் சித்திரை வெயிலையும் சில மாதம் தவிருங்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போனாலும் அந்தத் தண்ணீரைக் கதிர் பட்ட இடத்தில் ஊற்றாதீர்கள். தளர்ந்த பருத்திச் சட்டை போதும். புண் மணத்தால் வெட்கப்பட்டு ஆட்களைப் பார்க்காமல் இருக்கிறவர்கள் உண்டு. அந்த மணத்துக்கு மருந்து இருக்கிறது, தாதியிடம் சொல்லுங்கள்.

வாய், தொண்டைக்குக் கதிர் வாங்குகிறவர்கள் தொடங்குமுன் பல் வைத்தியரிடம் போயே ஆக வேண்டும். பிறகு எந்தக் காலத்திலும், பத்து வருடம் கழித்தும், கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்குவதென்றால் முதலில் புற்றுநோய் டொக்டரிடம் கேளுங்கள். அந்த எலும்பு ஆறாமல் உளுத்துப் போகலாம். வெற்றிலை, பாக்கை முழுதாக நிறுத்துங்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியாகிவிட்டது. ஒரு கப் ஆறின வெந்நீரில் கால் தேக்கரண்டி உப்பும் கால் தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து நாளுக்கு நாலைந்து தடவை வாய் கொப்பளியுங்கள். பிட்டு இறங்காது. இடியப்பத்தை உறைப்பில்லாத சொதியில் ஊறவைத்துக் கொடுங்கள், முட்டை, முள் எடுத்த மீன், கஞ்சி. நிறை குறைந்துகொண்டே போனால் குழாய் வழி உணவைப் பற்றி நேரத்தோடு பேசுங்கள்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. கழுத்திலிருந்தோ வாயிலிருந்தோ சிவப்பாக இரத்தம், கொஞ்சம் வந்து நின்றாலும் கூட. கால் திடீரென்று பலமிழத்தல், சிறுநீர் போக முடியாமை. மூச்சுத் திணறல். கீமோவும் சேர்ந்து போகும்போது காய்ச்சல். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். பழைய காகிதங்களின் பையையும் அதில் ஏற்றுங்கள்.

"முடியாது" என்று சொன்னால்

சில பேருக்கு வைத்தியர் மறுப்பார். இடைவெளி போதாது, குடலோ வடமோ பழைய அளவிலேயே நிரம்பிவிட்டது, நோய் பரவிவிட்டது என்று காரணம் இருக்கும். இன்னொரு நிபுணரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, பைலோடு போங்கள். ஆனால் இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னால், எங்காவது யாராவது கொடுப்பார்களா என்று காணியை விற்று ஓடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். ஒப்பரேஷன், மருந்து, ஹோர்மோன் சிகிச்சை என்று வேறு கதவுகள் இருக்கலாம். வலிக்கு மோர்ஃபின் இருக்கிறது. சரியான அளவில் கொடுத்தால் அது ஆளைக் கொல்வதில்லை, நித்திரை கொள்ள வைக்கும், பிள்ளைகளோடு பேச வைக்கும். வலி தணிக்கும் சிகிச்சையைக் கடைசி வாரம் வரைக்கும் தள்ளிப் போடாமல், முதல் நாளிலிருந்தே மற்றச் சிகிச்சையோடு சேர்த்துக் கேளுங்கள்.

பெரியம்மாவின் புண் காய்ந்தது. கையைத் தூக்கித் தானே கொண்டை போடுகிறார்.

சிகிச்சை முடிந்த கடைசி நாளில் எல்லாருக்கும் வீட்டுக்கு ஓட வேண்டும் போல இருக்கும். அன்று அரை மணித்தியாலம் கூட நின்று இரண்டாம் தடவையின் கணக்கை எழுதி வாங்குங்கள்: மொத்தம் எத்தனை கிரே, எத்தனை தடவை, எந்த இடம், கடைசித் திகதி, இரண்டு தடவையும் சேர்ந்து எந்த உறுப்புக்கு எவ்வளவு போனது, திட்டத்தின் டிஜிட்டல் பிரதி. மூன்று பிரதி எடுங்கள். ஒன்று கிளினிக் கொப்பியோடு, ஒன்று வேறு வீட்டில் இருக்கும் பிள்ளையிடம், ஒன்று போனில் படமாக. எங்கள் வீட்டில் அது காணி உறுதியோடு அலுமாரியில் இருக்கிறது.